சுவிஸ் விடுமுறை: திட்டத்தை வீட்டின் மூத்தவரிலிருந்து தொடங்குவோம்

பாடசாலைகள் கோடை விடுமுறைக்கு மூடும் நாள் நெருங்கிவிட்டால், நமது சிகிச்சை நிலையத்துக்கு வரும் தமிழ்க் குடும்பங்களிடமிருந்து ஒரு கேள்வி தவறாமல் வரும். "டொக்டர், நாங்கள் சுவிஸ் போறம். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போறம். ஊசி ஏதும் போட வேணுமே?" ஊசி பற்றிய பதிலைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். அவர்கள் போட்டு வைத்திருக்கும் பயணத் திட்டத்தைக் கேட்டபின்புதான் நமக்குக் கவலை பிறக்கிறது.

திட்டம் பெரும்பாலும் இப்படி இருக்கும். வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்து, இரவோடிரவாக டோவர், கலே வழியாகப் பாசல் நகரம். சனிக்கிழமை ரைன் நீர்வீழ்ச்சியும் சூரிச்சும். ஞாயிறு டிட்லிஸ் மலை. திங்கள் யுங்பிரௌயொக். செவ்வாய் செர்மாட். புதன் ஜெனீவா. வியாழன் லுகானோ. வெள்ளி மீண்டும் வீதி. இடையில் பேர்ணில் சித்தப்பா வீட்டில் ஓர் இரவு, சூரிச்சில் மச்சாள் வீட்டில் ஓர் இரவு. வானில் ஏழு பேர். அவர்களில் ஒருவர் எழுபது வயதைத் தாண்டிய அம்மா. பதினைந்து வருடச் சலரோகம், பிரஷர், இருதய இரத்தக்குழாயில் ஒரு ஸ்டென்ட்.

இந்தத் திட்டத்தில் சுவிற்சர்லாந்து முழுவதும் இருக்கிறது. அம்மா இல்லை.

நமது கருத்து இதுதான். விடுமுறைத் திட்டத்தைப் பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலிலிருந்து தொடங்கக் கூடாது. குடும்பத்தில் உடல்நிலை மிகவும் தளர்ந்தவர் யாரோ, அவரால் ஒரு நாளில் எவ்வளவு முடியும் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். அதற்காக அவரை வீட்டில் விட்டுவிட்டுப் போகச் சொல்லவில்லை. பத்திரமாகக் கூட்டிக்கொண்டு போய், மகிழ்ச்சியோடு கூட்டிக்கொண்டு வருவதற்கே இதைச் சொல்கிறோம்.

சிறிய நாடு, வேறு வேறு காலநிலைகள்

சுவிற்சர்லாந்தின் பரப்பளவு ஏறக்குறைய 41,285 சதுர கிலோமீற்றர். இலங்கையைவிடச் சிறியது. அதனால் ஒரு வாரத்தில் முழுவதையும் பார்த்துவிடலாம் என்று எண்ணத் தோன்றும். ஆனால் அந்தச் சிறிய நிலத்துக்குள் ஜேர்மன், பிரெஞ்சு, இத்தாலியன், ரொமான்ஷ் என நான்கு மொழிகளும் 26 மாநிலங்களும் இருக்கின்றன. தெற்கே மஜோரே ஏரிக்கரை கடல் மட்டத்திலிருந்து 193 மீற்றர் உயரத்தில்தான் இருக்கிறது. மொன்டே ரோசா மலைத்தொடரின் உச்சியோ 4,634 மீற்றர். நாட்டின் ஏறக்குறைய 60 வீதம் அல்ப்ஸ் மலைப் பகுதி.

காலையில் லொகார்னோவில் பனைமர நிழலில் வியர்த்துக்கொண்டு நிற்பவர், மறுநாள் பனிக்கட்டியின் மேல் குளிரில் நிற்கலாம். இளைஞருக்கு இது வேடிக்கை. பல ஆண்டுச் சலரோகமும் இருதய நோயும் உள்ளவருக்கு, நாளுக்கு நாள் மாறும் உயரமும் வெப்பமும் சாப்பாட்டு நேரமும் பெரும் சுமை. நம்மவர்களுக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். தெற்காசியர்களாகிய நமக்குச் சலரோகமும் மாரடைப்பும் ஐரோப்பியரைவிடப் பல ஆண்டுகள் முன்னதாகவே வந்துவிடுகின்றன. ஐம்பது வயதில் "நான் இன்னும் பெடியன்தான்" என்று சொல்லும் தகப்பனும் இந்தக் கணக்கில் அடக்கம்.

மேலே ஏறுமுன் ஒரு கேள்வி

நமது மக்கள் சுவிஸ் என்றதும் முதலில் கேட்பது யுங்பிரௌயொக்கைத்தான். 1912ஆம் ஆண்டு முதல் அங்கே றெயில் ஓடுகிறது. நிலையம் இருப்பது 3,454 மீற்றர் உயரத்தில். ஏறக்குறைய 570 மீற்றர் உயரத்திலுள்ள இன்ரர்லாக்கனில் காலையுணவை முடித்துக்கொண்டு புறப்பட்டால் சுமார் இரண்டு மணிநேரத்தில் உச்சியில் இறங்கிவிடலாம். கால் வலிக்கவில்லை, வியர்க்கவில்லை. அதனால் உடலுக்கு ஒன்றும் நடக்கவில்லை என்று நினைத்துவிடுகிறோம்.

உண்மையில் நடப்பது வேறு. மேலே போகப் போகக் காற்றின் அமுக்கம் குறைகிறது. யுங்பிரௌயொக்கில் ஒவ்வொரு மூச்சிலும் நமக்குக் கிடைக்கும் ஒட்சிசன், கடல் மட்டத்தில் கிடைப்பதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான். அதை ஈடுசெய்ய இருதயம் வேகமாக அடிக்கிறது, மூச்சு ஆழமாகிறது, குருதி அமுக்கமும் கூடலாம். ஆரோக்கியமானவருக்குக் கொஞ்சம் தலைப்பாரமும் மூச்சு வாங்குதலும் வரலாம். ஒன்றிரண்டு மணிநேரத்தில் இறங்கிவிட்டால் பெரும்பாலும் அத்தோடு போய்விடும். இருதய இரத்தக்குழாய் அடைப்பு, இருதயப் பலவீனம், நாட்பட்ட சுவாச நோய், கடும் இரத்தச்சோகை உள்ளவர்களுக்கு அப்படியல்ல.

ஆகவே ஏறுமுன் ஒரு கேள்வி கேளுங்கள். வீட்டில் ஒரு மாடிப் படியை நிற்காமல் ஏறும்போது இவருக்கு மூச்சு முட்டுகிறதா, நெஞ்சு இறுகுகிறதா? ஆம் என்றால், மலையைப் பற்றிப் பேசுவதற்கு முன் வைத்தியரைப் பாருங்கள். அண்மையில் மாரடைப்பு வந்தவர்களும், ஸ்டென்ட் போட்டவர்களும், மருந்து மாற்றப்பட்டவர்களும் பயணச்சீட்டு வாங்குவதற்கு முன்பே கேட்க வேண்டும். மலையேறும் றெயில்கள் விலை கூடியவை. காசைக் கட்டிய பின் "வேண்டாம்" என்ற பதிலைக் கேட்க ஒருவருக்கும் மனம் வருவதில்லை.

இன்னொரு வழியும் உண்டு. லூசேர்ன் ஏரிக்கரையில் இருக்கும் றிகி மலையின் உயரம் 1,798 மீற்றர். 1871இல் விட்ஸ்னௌ கிராமத்திலிருந்து இந்த மலைக்குத் தொடங்கிய பற்சக்கர றெயில்தான் ஐரோப்பாவின் முதலாவது மலை றெயில். பயணிகள் விமானத்தின் உட்புறக் காற்றமுக்கம் வழக்கமாக 1,800 முதல் 2,400 மீற்றர் உயரத்துக்குச் சமமாக வைக்கப்படுகிறது. கொழும்பிலிருந்து விமானத்தில் சிரமமின்றி வந்து சேர்ந்த அம்மாவுக்கு, அதன்பின் புதிதாக ஒரு வருத்தமும் வராதிருந்தால், றிகி பெரும்பாலும் ஒத்துவரும். ஏரியும் தெரியும், பனிமலைகளும் தெரியும். சுவிஸ் ட்ராவல் பாஸ் வைத்திருப்பவர்களுக்கு றிகி றெயிலுக்குத் தனியே கட்டணமும் இல்லை.

யுங்பிரௌயொக்குக்கு இளையவர்கள் போகட்டும். அன்று அம்மாவும் துணைக்கு ஒருவரும் பிரியன்ஸ் ஏரியில் கப்பலில் போய்வரட்டும். ஏழு பேரும் ஒரே இடத்தில் நின்று படம் எடுத்தால்தான் குடும்பச் சுற்றுலா என்று ஒரு விதியும் இல்லை.

மேலே போகிறவர்கள் சில விடயங்களை மனத்தில் வையுங்கள். அங்கே ஓடாதீர்கள், படிகளில் மெதுவாக ஏறுங்கள். தண்ணீர் குடியுங்கள். நெஞ்சுவலிக்கு நாக்கின் கீழ் அடிக்கும் ஸ்ப்ரே உள்ளவர்கள் அதைச் சட்டைப் பையில் வையுங்கள், வானில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். குளிரிலும் உயரத்திலும் சீனி பார்க்கும் கருவி பிழையான அளவு காட்டக்கூடும். அதை உடலோடு ஒட்டிச் சூடாக வைத்திருங்கள். பனி சூரிய ஒளியைத் திருப்பி அடிப்பதால் கறுப்புக் கண்ணாடி எல்லோருக்கும் அவசியம். நமது தோல் கறுப்பு என்பதால் வெயில் சுடாது என்று எண்ண வேண்டாம்.

தெற்கின் வெயில்

சுவிஸ் என்றால் குளிர் என்ற எண்ணம் நமக்குச் சினிமாப் பாட்டுகள் தந்தது. 2003ஆம் ஆண்டு ஆகஸ்ட் 11ஆம் திகதி, நாட்டின் தெற்கே இத்தாலிய மொழி பேசும் குரோனோ என்ற ஊரில் 41.5 பாகை செல்சியஸ் வெப்பம் பதிவானது. அந்த மாத வெப்ப அலையில் பிரான்சில் மட்டும் ஏறக்குறைய 15,000 பேர் வழமைக்கு மேலதிகமாக இறந்தார்கள். பெரும்பாலானோர் முதியவர்கள். அதன் பின்னரும் கோடை வெப்ப அலைகள் அடிக்கடி வருகின்றன. டிச்சினோ மாநிலத்திலும், ஜெனீவாவிலும், வலே பள்ளத்தாக்கிலும் ஜூலை, ஆகஸ்டில் 30 பாகையைத் தாண்டுவது அபூர்வமல்ல. பல பழைய விடுதிகளில் குளிரூட்டி இருப்பதில்லை.

"நாங்கள் யாழ்ப்பாணத்து வெயிலில் வளர்ந்தவர்கள்" என்று அப்பாமார் சொல்வார்கள். உண்மைதான். அப்போது அவர்களுக்கு இருபது வயது. அவர்கள் அன்று நீர் பிரியும் குளிசையும் போடவில்லை, பிரஷர் குளிசையும் போடவில்லை. இந்தக் குளிசைகள் போடுபவர் வெயிலில் நீரிழந்தால் குருதி அமுக்கம் சட்டென்று இறங்கி மயங்கி விழலாம், சிறுநீரகமும் பாதிக்கப்படலாம். வாந்தி, வயிற்றோட்டம் வந்தால் மெட்ஃபோர்மின் உட்படச் சில குளிசைகளை ஓரிரு நாட்கள் நிறுத்தி வைக்க வேண்டியிருக்கும். எதை நிறுத்துவது, எதை ஒருபோதும் நிறுத்தக் கூடாது என்பதைப் பயணத்துக்கு முன்பே உங்கள் வைத்தியரிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி வையுங்கள். இன்சுலினை நீங்களாக நிறுத்தவே வேண்டாம்.

தெற்கே போவதென்றால் காலை பத்து மணிக்கு முன்னும், மாலை ஐந்து மணிக்குப் பின்னும் சுற்றுங்கள். நடுப்பகலில் அறையில் தூங்குங்கள். ஊரில் நமது பாட்டன்மார் அப்படித்தானே செய்தார்கள்.

வானில் ஒரு இரவு

கலேயிலிருந்து பாசலுக்கு ஏறக்குறைய 700 கிலோமீற்றர். அதற்கு முன் டோவருக்குப் போகும் தூரமும், கப்பலுக்குக் காத்திருக்கும் நேரமும் வேறு. பகல் முழுவதும் வேலை செய்தவர் இரவு முழுவதும் ஓட்டுவதை நாம் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டோம். விடுதிக்கு ஓர் இரவுக் காசை மிச்சம் பிடிக்க ஏழு உயிர்களைப் பந்தயம் வைக்கக் கூடாது. இரண்டு சாரதிகள் இருக்க வேண்டும், அல்லது பிரான்சில் வழியில் ஓர் இரவு தங்க வேண்டும்.

இன்சுலின் போடும் சாரதிகளுக்குப் பிரித்தானியாவில் தெளிவான விதி இருக்கிறது. ஓட்டத் தொடங்குவதற்கு முந்திய இரண்டு மணிநேரத்துக்குள் ஒருமுறையும், ஓடும்போது இரண்டு மணிநேரத்துக்கு ஒருமுறையும் சீனி பார்க்க வேண்டும். அளவு 5க்குக் கீழ் என்றால் ஏதாவது சாப்பிட வேண்டும். 4க்குக் கீழ் என்றால் ஓட்டவே கூடாது. சீனி ஏறிச் சரியான பின்பும் 45 நிமிடம் காத்திருக்க வேண்டும். எல்லை தாண்டினாலும் உடல் அதே உடல்தான்.

இரண்டு மணிநேரத்துக்கு ஒருமுறை எல்லோரும் இறங்கி நடவுங்கள். நீண்ட நேரம் அசையாமல் இருந்தால் கால் நாளங்களில் இரத்தம் உறையும் ஆபத்து உண்டு. அம்மாமார் பலர் வழியில் மலசலகூடம் தேட வேண்டி வரும் என்று தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடுகிறார்கள். இதை அவர்கள் வாய் திறந்து சொல்ல மாட்டார்கள். நீங்களாகவே அடிக்கடி நிறுத்துங்கள்.

இன்சுலினைக் காரின் பின்பெட்டியிலோ, வெயில் படும் இடத்திலோ வைக்க வேண்டாம். ஐஸ் கட்டியோடு நேரே ஒட்டியும் வைக்க வேண்டாம், உறைந்த இன்சுலின் பயனற்றது. விமானத்தில் போவோர் கைப்பையில் வைக்க வேண்டும். மருந்துகளை அவற்றின் பெட்டியோடும், மருந்தின் பொதுப் பெயர் எழுதிய சீட்டோடும் கொண்டு போங்கள். வணிகப் பெயர் நாட்டுக்கு நாடு மாறும். ஞாயிற்றுக்கிழமைகளில் பெரிய றெயில் நிலையங்களிலும் விமான நிலையங்களிலும் தவிர, சுவிஸில் பெரும்பாலான கடைகளும் மருந்தகங்களும் பூட்டிக் கிடக்கும் என்பதையும் மறவாதீர்கள்.

காட்டில் உண்ணி, ஆற்றில் நீரோட்டம்

ஊசி பற்றிக் கேட்டவர்களுக்கு இப்போது பதில். நகரங்களையும் ஏரிகளையும் பார்த்துத் திரும்புபவர்களுக்கு விசேட ஊசி தேவையில்லை. வழமையான தடுப்பூசிகள் முடிந்திருந்தால் போதும். காட்டில் கூடாரம் அடிப்பவர்கள், பற்றைகளுக்குள் நடக்கும் பிள்ளைகள் ஆகியோர் உண்ணியால் வரும் மூளையழற்சிக்கான தடுப்பூசி பற்றிக் கேட்க வேண்டும். சுவிஸின் பெரும்பகுதியில் இந்த நோயைப் பரப்பும் உண்ணி உண்டு. ஊசியை ஒன்றுக்கு மேற்பட்ட தடவை போட வேண்டும் என்பதால், பயணத்துக்கு ஓரிரு மாதம் முன்பே வர வேண்டும்.

அதே உண்ணி லைம் என்ற இன்னொரு நோயையும் தரும். அதற்கு அன்டிபயோட்டிக் மருந்து உண்டு. மாலையில் பிள்ளைகளின் முழங்கால் மடிப்பு, அக்குள், அரை, தலைமயிரோரம் எல்லாவற்றையும் பாருங்கள். கடித்திருந்தால் நுனி கூர்மையான சாவணத்தால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேரே இழுங்கள். எண்ணெய் பூசவோ நெருப்பால் சுடவோ வேண்டாம். பின்னர் பல நாட்களில் சிவந்த வட்டம் பரவலாம். நமது கறுத்த தோலில் அந்தச் சிவப்புத் தெளிவாகத் தெரியாது. ஆகவே நிறம் மாறிப் பெரிதாகிக்கொண்டு போகும் எந்த அடையாளத்தையும் காட்டுங்கள், உண்ணி கடித்ததையும் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

பேர்ண் நகரைச் சுற்றி ஓடும் ஆறே ஆற்றில் கோடையில் அந்த ஊரவர்கள் மிதந்து போவதைப் பார்த்து நமது பிள்ளைகளுக்கும் ஆசை வரும். அது மலையிலிருந்து வரும் குளிர்ந்த, வேகமான ஆறு. நீச்சல் தடாகத்தில் பழகிய பிள்ளைக்கு அது போதாது. எங்கே கரையேற வேண்டும் என்று தெரியாதவர் இறங்கவே கூடாது. பக்கத்திலேயே நீச்சல் தடாகங்கள் இருக்கின்றன.

சொல்லாத வருத்தங்கள்

இதைப் பற்றி நமது சஞ்சிகைகள் அதிகம் எழுதுவதில்லை. 1983க்குப் பின் ஐரோப்பாவுக்கு வந்த நம்மவர்கள் பலர் இதே எல்லைகளை இரவில், காட்டு வழியாக, மூடிய லொறிகளுக்குள் கடந்தவர்கள். நாமும் அகதியாக வந்தவர்கள்தான். இன்று கையில் கடவுச்சீட்டோடு, பேரப்பிள்ளைகளோடு அந்த வழியால் போவது பெருமைக்குரியது. ஆனால் உடல் பழையதை மறப்பதில்லை. எல்லைக் காவலரைக் கண்டதும் கை நடுங்கும் தகப்பன்மாரை நாம் அறிவோம். கொத்தார்ட் வீதிச் சுரங்கம் ஏறக்குறைய 17 கிலோமீற்றர் நீளம். 2016இல் திறந்த றெயில் சுரங்கம் 57 கிலோமீற்றர். பதுங்கு குழிக்குள் நாட்களைக் கழித்த ஒருவருக்கு அந்த இருட்டு வெறும் சுரங்கமாக இராது. கோடையில் வானிலை நன்றாயிருந்தால் கணவாய் வழியாகவோ, மலைமேற் செல்லும் பழைய றெயில் பாதையாலோ போகலாம்.

ஆகஸ்ட் 1ஆம் திகதி சுவிஸின் தேசிய தினம். அன்று இரவு நாடெங்கும், ஏரிக்கரைகளில், கிராமங்களில், வீட்டு முற்றங்களில்கூட வாணவேடிக்கை வெடிக்கும். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். ஷெல்லடிக்குள் வாழ்ந்து வந்தவருக்கு, அது வரும் என்று தெரியாமல் படுக்கையில் கிடக்கும்போது கேட்டால், அந்த இரவு முழுவதும் போய்விடும். முன்கூட்டியே சொல்லுங்கள். அன்று ஊர் நடுவே தங்காமல் ஒதுக்கமான இடத்தில் தங்குங்கள். யாராவது ஒருவர் அவரோடு இருங்கள். "இன்னுமா பயம்?" என்று கேலி செய்ய வேண்டாம். விடுமுறையின் பின்னும் தூக்கம் வராமல், கெட்ட கனவு தொடர்ந்தால் அதுவும் ஒரு வருத்தம்தான். அதற்குச் சிகிச்சை உண்டு. வெட்கப்படாமல் வாருங்கள்.

சித்தி வீட்டுச் சாப்பாடு

சுவிஸில் நமது மக்கள் பல்லாயிரக்கணக்கில் வாழ்கிறார்கள். ஆண்டுக்கணக்காகக் காணாத உறவினரைக் காண்பதுதான் பலருக்கு இந்தப் பயணத்தின் பெரும் இன்பம். பேர்ணில் 2014இல் திறந்த சமயங்களின் இல்லத்தில் சைவக் கோயில் இருக்கிறது. மரியஸ்டைன் மாதா திருத்தலத்துக்குச் சைவர், கத்தோலிக்கர் என்ற வேறுபாடின்றி நம்மவர்கள் போகிறார்கள். இவற்றுக்கும் ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். இரண்டு மலைகளுக்கு நடுவே செருகிவிடாதீர்கள்.

சித்தி வைக்கும் சோறும் ஆட்டுக்கறியும் புட்டும் வேண்டாம் என்று நாம் சொல்லப் போவதில்லை. உபசரிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இரவு பத்தரைக்குச் சாப்பாடு வைக்காதீர்கள். மாலையில் இன்சுலின் போட்டுவிட்டு, "இன்னும் கொஞ்சம் பொறுங்கோ, அவரும் வரட்டும்" என்று காத்திருந்து சீனி இறங்கி மயங்கியவர்கள் உண்டு. சலரோகக்காரரைக் கேட்காமல் முதலில் உட்கார வையுங்கள்.

காப்புறுதியில் மறைக்காதீர்கள்

பயணக் காப்புறுதி எடுக்கும்போது இருதய நோயையும் சலரோகத்தையும் மறைத்தால் சில பவுண்கள் குறையும். பிறகு அந்த நோயாலேயே மருத்துவமனையில் படுத்தால் காப்புறுதி நிறுவனம் கையை விரித்துவிடலாம். சுவிஸ் மருத்துவமனைச் செலவு ஒரு குடும்பத்தின் பல வருடச் சேமிப்பை விழுங்கிவிடும். பிரித்தானிய சுகாதார சேவை தரும் இலவச அட்டை சுவிஸிலும் அவசர சிகிச்சைக்கு உதவும். ஆனால் மலையிலிருந்து மீட்கும் செலவையும், நோயாளியை நாட்டுக்குத் திருப்பிக் கொண்டுவரும் செலவையும் அது தராது. ஷெங்கன் வீசா எடுத்துப் போகும் பெற்றோருக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்புறுதி கட்டாயம்.

அம்புலன்ஸுக்கு 144. ஐரோப்பாவின் பொது இலக்கமான 112உம் வேலை செய்யும். மலையில் ஹெலிகொப்டர் மீட்புக்கு 1414. இந்த இலக்கங்களைப் பிள்ளைகளின் தொலைபேசியிலும் பதியுங்கள். பல குடும்பங்களில் அந்த நாட்டவரோடு பேசக்கூடியவர்கள் பிள்ளைகள்தான்.

நாம் சொல்லும் திட்டம்

எட்டு நாட்கள் இருந்தால் இரண்டு பிரதேசங்கள் போதும். முதல் நான்கு இரவு லூசேர்ன் ஏரிக்கரை. ஒருநாள் கப்பல், ஒருநாள் றிகி, ஒருநாள் ஒன்றும் செய்யாமல் ஓய்வு. அடுத்த நான்கு இரவு இன்ரர்லாக்கன் பக்கம், அல்லது வெயில் தாங்குபவர்கள் என்றால் டிச்சினோ. விமானத்தில் சூரிச் போய் றெயிலில் சுற்றினால் ஓட்டுபவருக்கும் அது விடுமுறையாக இருக்கும். ஒரு நாளில் ஒரு பெரிய இடம். அதற்கு மேல் வேண்டாம். மிச்சத்தை இன்னொரு வருடம் பார்க்கலாம்.

"இன்னொரு வருடம் எங்கே வரப் போகிறது, கிடைத்தபோதே எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும்" என்று சிலர் சொல்கிறார்கள். அந்த எண்ணம் எங்கிருந்து வருகிறது என்பது நமக்குப் புரியும். நாளைக்கு என்ன ஆகும் என்று தெரியாமல் வாழ்ந்த தலைமுறை இது. இரண்டு வேலை, மூன்று வேலை செய்து, விடுமுறை என்ற சொல்லையே அறியாமல் பிள்ளைகளைப் படிப்பித்த தலைமுறை. அவர்களுக்குச் சுவிஸைக் காட்ட வேண்டும் என்ற பிள்ளைகளின் ஆசை பெரிது. அந்த ஆசை நிறைவேற, பார்த்த இடங்களின் எண்ணிக்கை முக்கியமல்ல. அம்மா ஏரிக்கரை வாங்கில் அவசரமில்லாமல் ஒரு மணிநேரம் உட்கார்ந்திருக்க வேண்டும். பேத்தி பக்கத்தில் இருக்க வேண்டும். அதற்கு இடம் விட்டுத் திட்டம் போடுங்கள்.

பயணத்துக்கு ஆறு வாரம் முன்பு உங்கள் குடும்ப வைத்தியரைக் காணுங்கள். வரும்போது மருந்துச் சீட்டைக் கொண்டு வாருங்கள், பயணத் திட்டத்தையும் கொண்டு வாருங்கள். முடிந்தால் அம்மாவையும் கூட்டி வாருங்கள். அவருக்கு எங்கே போக விருப்பம் என்று அவரிடமே கேட்போம். அனைவருக்கும் இந்தக் கோடை விடுமுறை சுகமாக அமைய வாழ்த்துகிறோம்.